அறுநூற்றைம்பது கிராம்

மெஹிகாலியில் ஜூலை.
பட்டறைத் தகரத்தடியில் ஸ்பானரை
ஈரத்துணி சுற்றித்தான் எடுக்கிறேன்.

"கேஸ் மட்டும் போட்டுவிடு, சுலேமா"
என்கிறார் டாக்ஸிக்கார எவரிஸ்தோ.
போனமுறை பாலத்தடியில் எவனோ போட்டது
பதினோரு நாள் தாங்கியதாம்.

பெட்ரோலா இது, எரிந்து தீர்வதற்கு?
உள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது.
குறைந்தால் எங்கோ ஓட்டை.
தினமும் நாலு பேரிடம் சொல்கிறேன்.
நாலு பேரும் தலையாட்டிவிட்டு
"சரி, கேஸ் மட்டும் போடு" என்கிறார்கள்.

நைட்ரஜன் ஏற்றி
மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவினேன்.
ஒரு குமிழியும் வாய் திறக்கவில்லை.
கண்டென்சரின் முகத்தில்
செத்த வண்டும் பாலை மணலும். அது நிரபராதி.
சாயம் கலந்து கொஞ்சம் கேஸ் விட்டு
"நாலு நாள் ஓட்டிவிட்டு
இருட்டியபின் வாருங்கள்" என்று அனுப்பினேன்.

வியாழன், இரவு ஒன்பது. நாற்பத்தொரு டிகிரி.
ஊதா விளக்கோடு வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
இங்கே இல்லை. இங்கேயும் இல்லை.
தண்ணீர் சொட்டும் ரப்பர் குழாயின் நுனியில்
பச்சை.
மின்மினி என்று தோன்றும் பிறருக்கு.
எனக்கு, இரண்டு நாள் வேலை.

எவாப்பரேட்டர்.
டாஷ்போர்டின் வயிற்றுக்குள் கிடப்பது.
விலையைச் சொன்னேன்.
தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பார்த்தார்
அங்கே வேறு விலை எழுதியிருப்பதுபோல.

வீட்டில் ஏசி இல்லை அவருக்கு.
எல்லைச் சுவரோரம் நிறுத்தினால்
மதியத்தில் நிழல்கூட அந்தப் பக்கம்தான் விழும்.
அதனால் சோனோரா மார்க்கெட் பின்னால் ஒரு மரத்தடி.
பகல் இரண்டிலிருந்து நாலு வரை
முன்சீட்டில் அவர், பின்சீட்டில் மனைவி கிரிசெல்டா,
என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.
"இது கார் இல்லையம்மா, எங்கள் படுக்கையறை."

பாதி இப்போது, மீதி செப்டம்பரில் என்று பேசிக்கொண்டோம்.

பதினேழு திருகுகள்.
பதினெட்டாவது, செய்தவனுக்கே மறந்துபோன இடத்தில்.
டாஷ்போர்டு பெயர்ந்து மடியில் விழுந்தபோது
பூசணி விதை, வெளுத்த சுங்கச் சீட்டு,
உருகி ஒட்டிய ஆரஞ்சு நிறக் க்ரேயான்.
"எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை" என்றார்.
மூன்றாம் கை மாறி வந்த வண்டி.
"திரும்ப உள்ளேயே வைத்துவிடட்டுமா?"
விளையாட்டாகத்தான் கேட்டேன்.
வெகுநேரம் யோசித்தார்.
"வை" என்றார்.

புது எவாப்பரேட்டர், புது ஓ-ரிங்குகள், எண்ணெய்.
இனி, நிரப்புவதற்குமுன் காலி செய்ய வேண்டும்.
காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி
நாற்பது நிமிடம் உறுமியது பம்ப்.
வால்வை மூடி, பம்பை நிறுத்தி,
முள்ளைப் பார்த்தபடி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன்.
ஒன்றுமில்லாதது
ஒன்றுமில்லாததாகவே நிற்கிறதா?
இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி
இப்படிச் சும்மா உட்கார்வதுதான்.

முள் ஒரு மயிரிழை அசைந்தது.
லாரி போன அதிர்வா? என் கண்ணா?
கண்ணாடியைச் சுண்டினேன். பதில் இல்லை.
மறுபடி பம்ப். மறுபடி வாளி.
அவரும் ஒரு வாளி இழுத்துப் போட்டுக்கொண்டார்.
அரைமணி நேரம் இரண்டு பேரும்
ஒரு பூஜ்யத்துக்குக் காவல் இருந்தோம்.

நின்றது.

தராசில் சிலிண்டர்.
அறுநூறு, அறுநூற்று நாற்பது, ஐம்பது. மூடு.
அதற்குமேல் ஒரு கிராம் வேண்டாம்,
கூடினாலும் குளிராது.
கிளிக் என்று கிளட்ச் பிடித்தது.
அலுமினியக் குழாய் வியர்த்தது
இந்த ஊரிலேயே குளிரில் வியர்த்த ஒரே ஜீவன்.
ஜன்னலோரத் துவாரத்தில் தெர்மாமீட்டர்: ஒன்பது.

இறங்கவில்லை மனிதர்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
கிரிசெல்டாவுக்குப் போன் போடுகிறார்.
பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.
தட்டினேன். மறுபடி தட்டினேன்.
ஒரு விரற்கடை அளவுக்குக் கண்ணாடி இறங்கியது.

"சீக்கிரம் சொல்லு சுலேமா,
குளிர் வெளியே போகுது."